தொட்டிக்கு வந்தவர்கள்

2048 ஜூன் 3, அல் ரஸீன் பள்ளத்தாக்கு. காலை ஒன்பதே முக்கால் மணிக்கு ஒரு பெண் சிறுத்தை பாதையோரத் தொட்டிக்கு வந்து தண்ணீர் குடித்தது. அன்று விடியற்காலையில்தான் அது மலைச்சுனையில் வயிறு முட்டக் குடித்திருந்தது.

டிரைவர் வழிவிட்டான் ஸ்டியரிங் பக்கத்திலிருந்த பச்சைப் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை. எடுத்தால் சிறுத்தை போய்விடும். விருந்தாளிகள் படம் எடுத்து முடிக்கும்வரை பிடித்திருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. எட்டு வருஷமாக அமுக்கியதில் அந்த விரலின் தோல் ஆணி விழுந்தாற்போல் காய்த்துக் கிடந்தது.

"எங்க வீட்டு நாயே இப்படி வராது," என்றார் பின்சீட்டில் இருந்த இளங்கோ. சிங்கப்பூரிலிருந்து மனைவி மாலினியோடு பாலைவன மிருகங்களைப் பார்க்க வந்தவர். கையில் வைத்திருந்த கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவே இல்லை. "பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் படுத்துக்கும்."

"நாய்க்கு இஷ்டம் இருந்தா வரும். இதுக்கு என்ன இருக்கு?" என்றாள் மாலினி. அவள் படம் எடுக்கவில்லை. "டாக்டர், எப்படி வர வைக்கிறீங்க?"

முன்சீட்டில் இருந்த நாச்சம்மை திரும்பினாள். காரைக்குடிக்காரி, கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வனவிலங்குப் பக்கம் போனவள். இந்தப் பள்ளத்தாக்கின் மிருகங்களுக்கெல்லாம் சில்லு வைத்தது அவள்தான். அந்தச் சில்லை யோசித்துக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

"தண்ணி இல்லாததால தாகம் வர்றதில்லங்க. தண்ணி இல்லன்னு மூளை நெனைக்கிறதால வருது. அப்படி நெனைக்கிற எடம் ஒரு மிளகு அளவு இருக்கும். சில்லு அங்க இருக்கு. வண்டியிலேருந்து சிக்னல் போனா தாகம் எடுக்கும். வண்டியப் பாத்து நடந்தா கொஞ்சம் தணியும். எதிர்ப்பக்கம் நடந்தா ஏறும்."

"அப்ப வேற வழியில்லாம வருது."

"வராமலும் இருக்கலாம். இதுவரைக்கும் எதுவும் அப்படி இருந்ததில்ல."

மாலினி சிறுத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. நாக்கு மட்டும் நிற்கவில்லை.

"பாவமாத்தான் இருக்கும்," என்றாள் நாச்சம்மை. குரலில் பழகிப்போன பதில் இருந்தது. "நான் வந்தப்ப இந்தப் பள்ளத்தாக்குல ஜீப்புங்க இஷ்டத்துக்கு ஓடிச்சு. ஒரு சிறுத்தைய ஒருத்தன் பாத்துட்டா மத்தவனெல்லாம் அங்க பாய்வான். டயருக்கு அடியில முள்வால் ஓணான் வளை, கல்கௌதாரி முட்டை, எல்லாம் போச்சு. கல்கௌதாரி தெரியுமில்ல? ஆண்பறவை தூரத்துல போய் தண்ணியில உக்காந்து, நெஞ்சு இறகுல நனைச்சு எடுத்துட்டு வந்து குஞ்சுக்குக் குடுக்கும். அது கொண்டுவந்து சேக்குறதுக்குள்ள கூட்டையே அரைச்சுட்டுப் போயிருப்பாங்க. இப்ப ஒரே பாதை. வண்டி பாதைய விட்டு இறங்குறதில்ல. மிருகம் வருது, நாம பாக்குறோம், அது போகுது. கௌதாரியும் திரும்ப வந்திருச்சு."

வழிவிட்டான் விரலை எடுத்தான். சிறுத்தை தலையை நிமிர்த்தியது. யாரோ எழுப்பிவிட்ட மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு கனத்த வயிற்றோடு வெயிலில் மலையைப் பார்த்து நடந்தது.

பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கமிருந்து ஒரு சைரன் நீளமாக ஊதி நின்றது.

"அது என்ன?" என்றார் இளங்கோ.

"வேலி போடுற ஆளுகளுக்குத் தண்ணி குடிக்கிற சைரன் சார்," என்றான் வழிவிட்டான். "அரை மணிக்கு ஒருக்கா அடிப்பாக. எம் மச்சினன் அங்கதான் இருக்கான். அவுகளுக்கும் டாக்டரம்மா சில்லுதான். மிருகத்துக்குத் தாகம் எடுக்கும், அவுகளுக்குத் தாகமே எடுக்காது."

"என் சில்லு. ஆனா நான் வைக்கல," என்றாள் நாச்சம்மை.

"ஏன், நல்லதுதான?" என்றார் இளங்கோ. "இந்த வெயில்ல ஆள் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணிக்கு ஓட மாட்டான். வேலையும் நடக்கும், அவனுக்கும் கஷ்டம் தெரியாது."

"கஷ்டம் தெரியாது," என்று நாச்சம்மை அதையே திருப்பிச் சொன்னாள். பிறகு வழிவிட்டானைப் பார்த்தாள். "உங்க மச்சினன் சைரனுக்குக் குடிக்கிறாரா அண்ணே?"

"குடிப்பான், குடிப்பான்," என்று சொல்லி அவன் வண்டியை எடுத்தான்.

ஆனால் அந்தக் கேள்வி அவனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

வழிவிட்டானுக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம். அங்கே கோடையில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய், மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு நிரப்பிக்கொண்டு வருவார்கள். அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சொம்புத் தண்ணீர் வரும். தாகமா என்று கேட்க மாட்டார்கள். அதைக் கேட்பது, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதுபோல.

அதனால்தான் மச்சினன் பூமிநாதன் போன தை மாதம் கேம்ப் மெஸ்ஸில் உட்கார்ந்து, "மண்டைக்குள்ள எதையோ வைப்பானாம் மச்சான். சிறுத்தைக்கு வச்சதையே எனக்கும் வைக்கணுமா?" என்று முகம் சுளித்தபோது வழிவிட்டான் சிரித்துவிட்டான்.

"சிறுத்தைக்குத் தாகம் எடுக்க வைப்பாக. ஒனக்கு எடுக்காம வைப்பாக. கொடுத்து வச்சவன்டா மாப்ள நீ. நம்மூர்ல தாகம் எடுக்காம ஒருத்தன் பொறந்திருந்தான்னா இந்நேரம் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பாக."

"அக்கா என்ன சொல்லும்?"

"ஒங்கக்கா கொடத்தைத் தூக்கிப் பாதி இடுப்பு போனவ. சந்தோசப்படுவா."

வழிவிட்டானின் மனைவி தேவிகா போனில் சந்தோஷப்படத்தான் செய்தாள். "தாகமே எடுக்காதா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகளிடமும் சொன்னாள். அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்குமா என்று விசாரித்தார்கள். யாருக்கும் பயம் வரவில்லை. தாகம் ஒரு எதிரி என்று மட்டுமே தெரிந்த ஊர் அது.

அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பூமிநாதன் வழிவிட்டானின் அறைக்கு வந்தான். கூடவே ராம்தனி என்ற பீகார்க்காரர், ஐம்பது வயதிருக்கும், அவனோடு வேலி வேலை பார்க்கிறவர். வழிவிட்டான் வழக்கப்படி செம்பில் தண்ணீர் கொடுத்தான். பூமிநாதன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசினான். பேசி முடித்து, அப்படியே கட்டிலுக்கு அடியில் வைத்தான்.

"குடிடா."

"எதுக்கு மச்சான்?"

கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். தண்ணீரைப் பார்த்த பார்வையில், முன்னே பின்னே தெரியாத ஒரு சாமானைப் பார்க்கும் பார்வை இருந்தது. ராம்தனி சிரித்துக்கொண்டே குனிந்து செம்பை எடுத்து அவன் கையில் திணித்தார். தமிழ் தெரியாத மனிதர், கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். பூமிநாதன் மருந்து குடிப்பதுபோல் குடித்தான். ராம்தனிக்கும் மண்டையில் அதே சில்லுதான். ஆனால் சைரன் ஊதியதும் தான் குடித்த பிறகு மற்றவர்களிடமும் போய் இப்படிக் கையைக் குவித்துக் காட்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது என்று பூமிநாதன் சொன்னான்.

"இந்தாளு இல்லேன்னா எனக்கு நெனப்பே வராது மச்சான்," என்றான்.

வண்டி மேற்குக் கணவாயை அடைந்தபோது காற்று மாறியது. முதலில் வானத்தின் ஓரம் பழுப்பாயிற்று. பிறகு தூரத்து மலை காணாமல் போயிற்று. கணவாய்க்குள் வண்டியை ஒதுக்கி, கண்ணாடிகளை ஏற்றி, புழுதி அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். இளங்கோ கடலை கொறித்தார். மாலினி கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துத்தான் வழிவிட்டானுக்கு அது உறைத்தது.

"டாக்டரம்மா, சைரன் கேட்டீகளா?"

நாச்சம்மை நிமிர்ந்தாள். "காத்துல கேட்டிருக்காது."

"எப்பவும் கேக்கும். இதைவிடப் பெரிய காத்துலயும் கேட்டிருக்கேன். காலையில ஊதுனதுதான். அப்பறம் ஊதல."

வாக்கிடாக்கியை எடுத்தான். வேலிப்பகுதி சூப்பர்வைசர் கேம்பிலிருந்து பதில் சொன்னான். சைரன் கோபுரம் காற்றில் சாய்ந்துவிட்டதாம். முகமூடி எடுத்துவர வண்டியில் வந்தவன் திரும்பிப் போக முடியவில்லையாம். ஆட்கள் பத்துப் பேரும் அங்கேதான் இருக்கிறார்கள், பத்திரமாகத்தான் இருப்பார்கள், பக்கத்திலேயே தண்ணீர் டிரம் இருக்கிறது என்றான்.

"டிரம் இருந்து என்னடா செய்ய?" என்று வழிவிட்டான் கத்தினான். "யாரு குடிக்கச் சொல்றது?"

இடையில் மேனேஜர் கதிர்வேலின் குரல் வந்தது. கோயம்புத்தூர்க்காரர், எந்த அவசரத்திலும் குரல் உயராது. "வழிவிட்டானுங்களா? விருந்தாளிகளைப் பத்திரமா கேம்புக்குக் கொண்டாந்துருங்க. புழுதி அடங்கட்டும், ஆளுங்களை அப்பறம் பாத்துக்கலாமுங்க."

வழிவிட்டான் திரும்பி இளங்கோவைப் பார்த்தான். கேட்கத் தெரியவில்லை. மாலினிதான் பேசினாள்.

"எவ்வளவு நேரமாச்சு அவங்க தண்ணி குடிச்சு?"

"நாலு மணி நேரம் இருக்கும்," என்றாள் நாச்சம்மை. "இந்தச் சூட்டுல வேலை செய்யற ஆள் நாலு மணி நேரம் குடிக்காம இருந்தா புத்தி தடுமாறும். மத்தவனுக்கு நாக்கு வறண்டு சொல்லும். இவங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல."

"போங்க," என்றாள் மாலினி. இளங்கோ ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

பாதை வழியே போனால் மலையைச் சுற்ற வேண்டும். வழிவிட்டான் நாச்சம்மையைப் பார்த்தான். அவள் முன்னால் விரிந்து கிடந்த பள்ளத்தாக்கின் தரையைப் பார்த்தாள். எட்டு வருஷமாக ஒரு டயர் படாத தரை.

"இறக்குங்க," என்றாள்.

வண்டி பாதையை விட்டு இறங்கியது. சரளைமேல் குதித்து, மணலில் அமிழ்ந்து, எழுந்து ஓடியது. சக்கரத்தின் முன்னாலிருந்து கல்கௌதாரிகள் கூட்டம் கூட்டமாக எழும்பின. அது முட்டையிடும் காலம். ஒவ்வொரு தடவை பறவை எழும்பியபோதும் நாச்சம்மை கைப்பிடியை இறுக்கினாள். 

வேலியை அடைந்தபோது புழுதியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கம்பிச் சுருள்கள் கிடந்தன. கடப்பாரைகள் கிடந்தன. தண்ணீர் டிரம் மூடி திறக்கப்படாமல் நின்றது. ஆள் யாரும் இல்லை.

"பூமி! ஏ பூமிநாதா!" வழிவிட்டான் ஹாரனை அடித்தான். காற்று அதை விழுங்கியது.

"தலை சுத்தி எழுந்து நடந்திருப்பாங்க," என்றாள் நாச்சம்மை. "எந்தப் பக்கம்னு அவங்களுக்கே தெரியாது." அவள் பச்சைப் பொத்தானைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"அவுகளுக்கும் கேக்குமா?"

"சில்லு ஒண்ணுதான். அவங்களுக்கு வாராவாரம் தாகத்த அமத்தி வைக்கிறாங்க. நம்ம சிக்னல் போனா அது திறந்துக்கும். தாகம் எடுக்கும். வண்டி எந்தப் பக்கம்னு நாக்கே சொல்லும்." பொத்தானுக்குப் போன அவன் கையைத் தடுத்தாள். "ஆனா ஒண்ணு அண்ணே. பொத்தான் அமுங்கியிருக்கிற வரைக்கும் குடிச்சாலும் தாகம் அடங்காது. வந்தவங்க நிறுத்தாம குடிப்பாங்க. ரொம்பக் குடிச்சாலும் ஆள் போயிருவாங்க. எல்லாரும் வந்த உடனே விரல எடுத்திரணும்."

அவன் அமுக்கினான்.

இளங்கோவும் மாலினியும் இறங்கி வண்டியின் பின்னாலிருந்த மடக்குத் தொட்டியை விரித்தார்கள். நாச்சம்மை வண்டியின் தண்ணீர்க் குழாயை அதற்குள் திறந்துவிட்டாள்.

முதலில் வந்தவை மான்கள். புழுதியிலிருந்து கால்கள் தெரிந்தன, பிறகு முகங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு நரி. அதற்குப் பின்னால் நாலு காலில் இன்னொன்று வந்தது. அருகே வந்தபோதுதான் அது மனிதன் என்று தெரிந்தது. நேபாளத்துப் பையன் ஒருவன், தவழ்ந்து வந்தான். மானைத் தள்ளிவிட்டுத் தொட்டிக்குள் முகத்தைப் போட்டான்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மான்களுக்கு நடுவே முழங்கால் போட்டுக் குடித்தார்கள். ராம்தனியும் வந்தார். தலைப்பாகை எங்கோ விழுந்திருந்தது. சற்றுத் தள்ளி ஒரு சிறுத்தை நின்றது. காலையில் வந்ததா வேறொன்றா என்று தெரியவில்லை. அதுவும் தொட்டியைப் பார்த்தது, மான்களைப் பார்க்கவில்லை.

இளங்கோவின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஆன் செய்ததே அவருக்கு நினைவில்லை என்று பிறகு சொன்னார்.

"ஒன்பது," என்றாள் நாச்சம்மை. "இன்னும் ஒருத்தர்."

"பூமி வரல."

காற்று வீசியது. தொட்டியில் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நேபாளத்துப் பையன் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி குனிந்தான். நாச்சம்மை குழாயை மூடப் போனாள். இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துத் தள்ளினார்கள். மாலினி ஒருவனின் தோளைப் பிடித்து இழுத்தாள், அவன் நகரவில்லை. ராம்தனி குழாயில் நேரடியாக வாயை வைத்திருந்தார். தண்ணீர் மூக்கில் ஏறி இருமினார். இருமிக்கொண்டே குடித்தார்.

"அண்ணே, விரல எடுங்க. போதும்."

"அவன் வரல டாக்டரம்மா."

"இவங்க செத்துருவாங்க."

"எடுத்தா அவனுக்கு வழி தெரியாது. நான்தான் அவனச் சில்லு வைக்கச் சொன்னேன். கொஞ்சம் பொறுங்க. இந்தா வந்துருவான். கொஞ்சம்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். காய்த்த கட்டைவிரலை அவளால் அசைக்க முடியவில்லை. பிறகு அவள் பிடி தளர்ந்தது. அவனைவிட அவளுக்கு வலு குறைவு என்பதாலா, அல்லது அவளும் புழுதிக்குள் அந்தப் பத்தாவது ஆளைத் தேடத் தொடங்கியதாலா என்று அவளாலேயே பின்னால் சொல்ல முடியவில்லை.

பூமிநாதன் கடைசியில் வந்தான். ஒரு செருப்போடு வந்தான். மச்சானைத் தாண்டி, அவன் நீட்டிய கையைத் தாண்டி, தொட்டிக்குப் போய் விழுந்தான்.

வழிவிட்டான் விரலை எடுத்தான்.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மான்கள் வெருண்டு சிதறின. சிறுத்தை இருந்த இடம் காலியாயிற்று. ஆட்கள் ஈரத் தாடைகளோடு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூமிநாதன் தொட்டியைப் பார்த்தான், தன் சட்டையைப் பார்த்தான்.

"எதுக்கு மச்சான் இம்புட்டுத் தண்ணி?" என்றான்.

ராம்தனி மட்டும் நிமிரவில்லை. குழாயடியிலேயே சாய்ந்து கிடந்தார். கேம்புக்குப் போகும் வழியில் வலிப்பு வந்தது. பூமிநாதன் அவர் தலையை மடியில் வைத்திருந்தான். அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார்.

விசாரணைக் கமிட்டியிடம் வழிவிட்டான் நடந்ததைச் சொன்னான். விரலை எடுக்காதது தான்தான் என்றும் சொன்னான். நாச்சம்மை, ராம்தனி இறந்தது தண்ணீரால் என்றாள். வெயிலால் இறந்திருக்கவே முடியாதா என்று கேட்டார்கள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அறிக்கையில் வெயில் என்றே வந்தது. அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். சில்லின் உரிமை கம்பெனியின் பெயரில் இருந்தது.

வழிவிட்டான் வேலை போகும் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தான். கதிர்வேல் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இளங்கோ அனுப்பிய படத்தைத் தலைமை அலுவலகத்தில் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தார்களாம்.

"கண்ணு தெரியாத புழுதிங்க. ஒரு ஆளு வழி காட்டல. பத்துப் பேரும் நேரா வந்துட்டாங்க," என்றார் கதிர்வேல். "பொத்தான எப்ப விடணுங்கறதை மட்டும் சரி பண்ணிட்டாங்க. இனி தானாவே நின்னுக்கும். நீங்க பண்ணது நல்லதுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"பூமிநாதனுக்குச் சில்லை எடுத்துட்டு ஊருக்கு அனுப்பிருங்க சார்."

"ஒப்பந்தம் முடியட்டுமுங்க."

தேவிகா போனில் தம்பியைப் பற்றிக் கேட்டாள். "இப்பத் தாகம் எடுக்குதா அவனுக்கு?"

"எடுக்குது," என்றான் வழிவிட்டான்.

சாய்ந்த கோபுரத்தைத் திரும்ப நிறுத்தவில்லை. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வேலிப்பகுதியில் சைரனும் கிடையாது, சூப்பர்வைசரும் கிடையாது. வழிவிட்டான் அந்தப் பகுதிக்கு மாற்றப்பட்டான். அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திப் பொத்தானை அமுக்குகிறான். மாலையில் கேம்புக்குத் திரும்பும்போதும் அமுக்குகிறான். எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.